காலந் தாழ்ந்த விண்ணப்பம்

கல்லூரி மலரில் எழுதப் புகும் மாணாக்கர் பலரும் தாம் கண்ட ஊரைப் பற்றியோ, கற்ற நூலைப் பற்றியோ, பெற்ற பரிசைப் பற்றியோ எழுதுதல் வழக்கம். யான் எழுதப் புகுந்தது யான் செய்த ஒரு தவற்றைப் பற்றி. அத்தவறு நான்கு நாள் அளவே நின்றது. அதனால் எவர்க்கும் கேடு விளையவில்லை. ஆயினும் அதனை நினைக்குந்தோறும் என் நெஞ்சு என்னைச் சுடுகின்றது. அதனோடு தொடர்புடையவர் இம்மலரைப் படிக்கும் உங்களிற் பலர்க்கு அறிமுகமானவரே. எங்கள் தமிழ் வகுப்பில் மூன்றாம் பலகையில் சன்னலோரம் அமர்பவரும், வகுப்பினர் எல்லாராலும் 'அக்கா' என்று அழைக்கப்படுபவருமாகிய அவர், என் தந்தையாரின் தங்கை, எனக்கு அத்தை. அவரது இசைவு பெற்றே இதனை எழுதுகின்றேன். "எழுது, ஐயா, ஆனால் என்னைப் பெரியவளாக்கி எழுதாதே" என்பது அவர் விதித்த ஒரே கட்டளை.

அத்தையார் 1986-ஆம் ஆண்டிற் பிறந்தவர். பாளையங்கோட்டையைச் சார்ந்த ஒரு சிற்றூரில் வளர்ந்தார். 2002-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினார். தமிழில் வகுப்பிலேயே முதன்மை பெற்றார். கணக்கில் 27 பெற்றார். தேறுவதற்கு வேண்டியது 35. அவ்வாண்டிலேயே மறுமுறை எழுதினார், 31 வந்தது. முதன்முறை எட்டுக் குறைந்தது, மறுமுறை நான்கு குறைந்தது என்றால், கணக்கறிந்தோர் அதனை வளர்ச்சி என்று கூறுதல் கூடும். எங்கள் வீட்டார் அதனை இரண்டாம் தோல்வி என்றே கொண்டனர். பாட்டனார் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். "அடித்திருந்தால் அழுதுவிட்டு மூன்றாம் முறையும் எழுதியிருப்பேன், அப்பா பேசாதிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை" என்று அத்தை ஒருநாட் கூறக் கேட்டிருக்கின்றேன்.

பதினாறாம் வயதில் ஒரு தையற்கடையிற் சேர்ந்தார். தொடக்கத்திற் காஜா எடுத்துப் பொத்தான் தைத்தார். பின்னர் வெட்டக் கற்றார். மணமானபின் வீட்டுத் திண்ணையிற் சொந்தமாக ஒரு தையற்பொறி வைத்துக்கொண்டார். மே மாதம் வந்துவிட்டால் அவர்க்கு உறக்கமில்லை. பள்ளிச் சீருடைகள் மலைபோற் குவியும். தாம் விட்டு வந்த பள்ளியின் சீருடையைத் தாமே ஆண்டுதோறும் தைத்துக் கொடுத்தார். ஒரு துணிச்சுருளைக் கண்ணாற் பார்த்து, இதில் இத்தனை சட்டை வரும், இத்தனை விரற்கடை மிஞ்சும் என்று அவர் கூறினால் அது பிழைப்பதில்லை. கைக்குழியின் வளைவை அளவுகோலின்றி வெட்டுவார். அத்தகையவர் 'எனக்குக் கணக்கு வராது' என்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நம்பியிருந்தார் என்பதை எண்ணினால், ஒரு மதிப்பெண் தாள் மனிதர் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிகின்றது என்பது விளங்கும்.

அந்த நம்பிக்கையை உடைத்தவள் அவருடைய மகள். அவள் தொடக்கப் பள்ளியிற் படிக்கும்போது, வகுத்தற் கணக்கைச் சொல்லிக் கொடுக்குமாறு அன்னையைக் கேட்டாள். சொல்லிக் கொடுக்கத் தொடங்கியவர், தமக்கு அது தெரிந்திருப்பதைக் கண்டு வியந்தார். 2018-ஆம் ஆண்டில் எவர்க்கும் சொல்லாமல் தனித்தேர்வராகப் பதிந்து, நின்றுபோன அந்த ஒரு பாடத்தை எழுதினார். 46 பெற்றுத் தேறினார். பின்னர், 2020-ஆம் ஆண்டிற் கொரோனா நோயின் பொருட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. பள்ளி இல்லையேற் சீருடை இல்லை. சீருடை இல்லையேல் அத்தைக்கு வேலை இல்லை. கையிற் காசு குறைந்தது; பொழுது மிகுந்தது. அப்பொழுதில் மேனிலைப் பாடநூல்களை இரவல் வாங்கிப் படிக்கத் தொடங்கினார். செய்முறைப் பரீட்சை இல்லாத பாடங்களாகப் பார்த்து வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், சிறப்புத் தமிழ் என்பவற்றைத் தெரிந்துகொண்டார். 2022-இற் பதினோராம் வகுப்பையும், 2023-இற் பன்னிரண்டாம் வகுப்பையும் எழுதினார். ஆங்கிலம் மட்டும் 24-இல் நின்றுவிட்டது. அவர் இம்முறை அஞ்சவில்லை. துணைத்தேர்வெழுதி 36 பெற்றார். அது வருமுன் அவ்வாண்டுக் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிட்டமையால் ஓர் ஆண்டு காத்திருந்தார்.

இவ்வாறாக 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவரும் யானும் ஒரே திண்ணையில் அமர்ந்து விண்ணப்பம் நிரப்பலானோம். எனக்குப் பதினேழு வயது, அவர்க்கு முப்பத்தெட்டு. யான் 600-க்கு 541 பெற்றிருந்தேன். அவர் தமிழில் 81, சிறப்புத் தமிழில் 78, ஏனைய நான்கிலும் தட்டுத்தடுமாறித் தேறி, ஆக மொத்தம் 317 பெற்றிருந்தார். என் சான்றிதழ் ஒரே தாள். அவருடையனவோ ஒரு பையை நிறைத்தன: 2002-இன் மதிப்பெண் பட்டியல் ஒன்று, 2018-இன் பட்டியல் ஒன்று, மேனிலைக்கு மூன்று, மணத்திற்குப்பின் மாறிய முதலெழுத்தை விளக்கும் தாள் ஒன்று, இத்தனை ஆண்டு எங்கும் படிக்கவில்லை என்று எழுதிக் கையொப்பம் பெற்ற சத்தியப் பிரமாணப் பத்திரம் ஒன்று. இளமையில் விண்ணப்பிப்பவன் தான் செய்ததற்கு மட்டும் சான்று காட்டினாற் போதும். காலந் தாழ்ந்து வருபவரோ தாம் செய்யாததற்கும் சான்று காட்ட வேண்டியிருக்கின்றது.

படிப்பில் இடைவெளி ஏற்பட்டமைக்குக் காரணம் எழுத ஒருவரி இடம் இருந்தது. "குடும்ப வறுமை என்று எழுதுவோம், அத்தை, இரக்கம் கொள்வார்கள்" என்றேன். அவர் தலையசைத்தார். "வறுமை இருந்தது உண்மை. ஆனால் அதனால் நான் நிற்கவில்லை. தோற்றேன், பயந்தேன், நின்றுவிட்டேன். அதையே எழுது" என்றார். யான் தயங்கினேன். அவரே எழுதுகோலை வாங்கி, 'கணக்கில் இருமுறை தேறாமையாலும், மீண்டும் எழுத அஞ்சியமையாலும்' என்று அவ்வொரு வரியில் அழகிய கையெழுத்தில் எழுதிவிட்டார்.

இனி என் தவற்றைச் சொல்ல வேண்டும். அத்தையும் இக்கல்லூரியிலேயே தமிழ் பயில விண்ணப்பிக்கின்றார் என்று அறிந்த நாள்முதல் எனக்கு ஒரு சங்கடம் பிறந்தது. அதனை அறிவுரையாக மாற்றிப் பேசினேன். "1985-இல் ஏற்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கின்றது, 2002-இல் ஏற்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. வீட்டிலிருந்தே படிக்கலாம், தையலையும் விட வேண்டாம், உங்களைப் போன்றவர்களுக்காகவே ஏற்பட்டவை" என்றேன். யான் கூறியதிற் பொய்யில்லை. அந்நிறுவனங்கள் எத்தனையோ பேர்க்குக் கதவைத் திறந்தவை. ஆனால் மெய்யான செய்தியைப் பொய்யான நோக்கத்தோடு கூறுதலும் உண்டென்பதை அன்று யான் என்னிடத்திலேயே கண்டேன். அத்தையின் நலத்தை யான் எண்ணவில்லை. என் பக்கத்துப் பலகையில் என் அத்தை வந்து அமர்ந்தால் நண்பர் என்ன சொல்வர் என்பதையே எண்ணினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்டிலிருந்து படித்துத்தான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன், ஐயா. ஒருவர் நின்று பாடம் நடத்த, நான் கேட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதற்குத்தான் ஆசை" என்றார்.

இணையத்தில் நிரப்பிய விண்ணப்பத்தை அச்சிட்டுச் சான்றிதழ்ப் படிகளோடு கல்லூரி அலுவலகத்திற் கொடுத்து, நாள் முத்திரையிட்ட ரசீது பெற வேண்டும். அத்தைக்குச் சீருடைக் காலம். ஆகவே தம்முடையதையும் என்னிடமே கொடுத்தனுப்பினார். யான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னும் பின்னும் என் பள்ளித் தோழர். அவர்கள் ஒருவர் தாளை ஒருவர் வாங்கி மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அத்தையின் உறையை எடுத்தால் 317 தெரியும். முப்பத்தெட்டு வயது தெரியும். 'அஞ்சியமையால்' என்ற சொல் தெரியும். என்னுடையதைக் கொடுத்து ரசீது பெற்றேன். அவருடையதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். "கொடுத்துவிட்டாயா?" என்றார். "அலுவலகத்திற் கூட்டம், ரசீது பிறகு தருவார்கள்" என்றேன். கடைசி நாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தன.

அந்நான்கு நாளும் யான் உறுதியான தீமை ஒன்றையும் நினைத்ததில்லை. நாளை கொடுக்கலாம், நாளை கொடுக்கலாம் என்றே இருந்தேன். நாட்கள் தாமே கழிந்தால், யான் ஒன்றும் செய்யாமலேயே காரியம் முடிந்துவிடும் என்று மனத்தின் ஒரு மூலையில் இருந்ததை இப்போது மறைப்பதிற் பயனில்லை.

ஞாயிற்றுப் பள்ளியிற் படிக்கும் நாளில், மத்தேயு சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரத்துத் திராட்சத் தோட்டக் கதையைக் கேட்கும்போதெல்லாம் யான் முணுமுணுத்தவர் பக்கமே இருந்தேன். விடியலில் வந்து வெயிலைத் தாங்கியவனுக்கும், பதினோராம் மணி வேளையில் வந்து ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் ஒரே கூலி என்றால் அது எவ்வாறு நீதியாகும் என்று ஆசிரியரை மடக்கியிருக்கின்றேன். இப்போது அக்கதை வேறு வகையாகத் தோன்றிற்று. பிந்தி வந்தவரைத் தடுத்தவன் தோட்டத்துக்கு உடையவன் அல்லன், அவன் அழைத்தவன். முகம் சுளித்தவர் முந்தி வந்தவரே. யான் முந்தி வந்தவன். எனக்கென்று ஒதுக்கிய கூலியில் ஒரு காசும் குறையாதிருந்தும், வாயிலில் நின்று மறித்தவன் யான்.

நான்காம் நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். திண்ணையில் விளக்கெரிந்தது. குவிந்து கிடந்த சீருடைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, அத்தை ஒரு வெள்ளைச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். "உனக்குத்தான், ஐயா. கல்லூரிக்குப் போகும்போது கடைச்சட்டை போட வேண்டாம்" என்றார். யான் ஒன்றும் சொல்லாமற் போய்ப் படுத்தேன். மறுநாள், கடைசி நாள், அலுவலகம் திறக்குமுன் வாயிலில் நின்றேன். எழுத்தர் தாள்களைப் புரட்டி, காரண வரியைப் படித்துவிட்டு, ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பின் முத்திரை குத்தினார். அவ்வொலி எனக்கு இன்னும் கேட்கின்றது.

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். மதிப்பெண் குறைந்தவர்க்கு இடம் கொடுத்தல், மிகுதியாகப் பெற்றவர் ஒருவர்க்குத் தீங்கன்றோ? இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட யான் விரும்பவில்லை. இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, பரீட்சையும் வேண்டுவதே. ஆயினும் அது காட்டுவது ஒரு நாளின் நிலையை. கணித மேதை இராமாநுசன் கும்பகோணத்திற் கல்லூரி உதவித்தொகையை இழந்தார்; கணிதம் ஒழிந்த பாடங்களில் தேறாமையால் 1906, 1907 ஆகிய ஈராண்டும் எப்.ஏ. பரீட்சையில் தோற்றார். பட்டம் பெறாத அவர்க்கே சென்னைப் பல்கலைக்கழகம் 1913-இல் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. 1918-இல் அவர் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். பள்ளிப் படிப்பை நிறைவு செய்யாத மறைமலையடிகளை 1898-இற் சென்னைக் கிறித்துவக் கல்லூரி தமிழாசிரியராகவே ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தில் 1969-இல் நிறுவப்பெற்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம், முன்னைய தகுதி எதனையும் கேளாமலே 1971 முதல் மாணவரைச் சேர்த்து வருகின்றது. அங்குச் சேர்தல் எளிது, தேறுதல் எளிதன்று.

அத்தை இதனைப் படித்தால், "இராமாநுசன் பக்கத்தில் என்னை ஏன் நிறுத்தினாய்?" என்று சினப்பார். அவர் மேதையல்லர், அதுவே யான் கூற வந்தது. மேதைக்குப் பிந்தியேனும் எவரோ ஒருவர் கதவைத் திறந்துவிடுவர். மேதையல்லாத, உழைக்கும் இயல்புடைய ஒருவர் காலந் தாழ்ந்து வந்தால், அவரை எதனைக்கொண்டு அளப்பது? பதினாறு வயதில் அவர் பெற்ற 27-ஐக் கொண்டா? அதன்பின் அவர் என்ன செய்தார் என்பதைக் கொண்டா? அவர் வேண்டுவது இரக்கமன்று. இன்றைய தம்மை இன்றைய அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதே.

நேர்முகத்திற்கு அவரை அழைத்தனர். யான் வெளியே நின்றேன். நடந்ததை அவரே பின்னர்ச் சொன்னார். "இருபத்திரண்டு ஆண்டு இடைவெளி; மதிப்பெண்ணும் குறைவு. பாடத்தைத் தாங்குவீர்களா, அம்மா?" என்று ஒரு பேராசிரியர் வினவினாராம். "ஐயா, புதுத்துணி தைப்பதைவிடப் பிரித்துத் தைப்பது கடினம், பழைய துளைகள் தெரியும். ஆனால் எந்த இடத்தில் கிழிந்தது என்று எனக்குத் தெரியும். அங்கே இரட்டைத் தையல் போடுவேன்" என்றாராம். என்ன படித்தீர்கள் என்றதற்கு, எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை இரவுதோறும் சிறிது சிறிதாகப் படித்ததைக் கூறினாராம். ஒரு குறளைச் சொல்லி அலகிட்டுக் காட்டச் சொன்னார்கள். ஓரிடத்தில் நிரை என்பதை நேர் என்று கூறி, தாமே நிறுத்தித் திருத்திக்கொண்டாராம்.

முதற் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாம் பட்டியலிற் கடைசிக்கு முந்தின பெயராக இருந்தது.

முதல்நாள் அவர் வகுப்பில் நுழைந்தபோது, பேராசிரியர் வந்துவிட்டார் என்றெண்ணி வகுப்பு முழுவதும் எழுந்து நின்று வணக்கம் கூறிற்று. அத்தை திகைத்து நின்றுவிட்டுத் தாமும் வணங்கி, மூன்றாம் பலகையிற் போய் அமர்ந்தார். சிரிப்பெழுந்தது, அச்சிரிப்பிற் பகையில்லை. யான் அஞ்சிய எதுவும் நிகழவில்லை. ஒரு திங்களுக்குள், அவர் எழுதும் குறிப்பைப் படியெடுக்காதவர் வகுப்பில் எவரும் இல்லை என்றாயிற்று. எல்லாம் இனிதாயிற்று என்றும் கூறேன். முதற் பருவத்தில் ஆங்கிலத்தில் தேறாமல் நின்றார். முடிவு வந்த அன்று அவர் முகம் வாடிற்று. மாலையில் வழக்கம்போலத் தையற்பொறியில் அமர்ந்தார். மறுநாள் என்னிடம் வந்து, "ஆங்கிலத்தில் உனக்கு எவ்வளவு? சரி, நாள்தோறும் அரை மணி நேரம் எனக்குச் சொல்லிக் கொடு" என்றார். அடுத்த பருவத்தில் அதனைத் தேறினார்.

சென்ற மாதம் அவருடைய யாப்பிலக்கணக் குறிப்பேட்டை இரவல் வாங்கினேன். அதனுள் அடையாளமாக ஒரு தாள் இருந்தது. எடுத்துப் பார்த்தேன்: கல்லூரி அலுவலகத்தின் ரசீது. மூலையில் முத்திரை, முத்திரையில் நாள். என்னிடம் அவர் விண்ணப்பத்தைக் கொடுத்த நாளுக்கும் அந்நாளுக்கும் இடையே உள்ள வேறுபாடு, கணக்கில் 27 பெற்றவர்க்கும் விளங்காமற் போகாது. குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுக்கச் சென்று, நடந்தது முழுவதையும் சொன்னேன். அவர் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நூல் ஊசித்துளையுள் நுழைந்து மறுபுறம் வரும்வரை பேசவில்லை. பின், "ரசீதை நீ கையில் தந்த அன்றே பார்த்துவிட்டேன், ஐயா" என்றார்.

"தெரிந்தும் ஏன் ஒன்றும் கேட்கவில்லை, அத்தை?"

"கேட்டிருந்தால் நீ இன்னும் பயந்திருப்பாய். பயத்தில் நின்றுபோனவள் நான், எனக்குத் தெரியாதா? நீயாக வந்து சொல்வாய் என்று இருந்தேன். கொஞ்சம் காலந் தாழ்ந்துதான் வந்திருக்கிறாய். பரவாயில்லை, கதவு திறந்துதான் இருக்கிறது."

இவ்வாண்டும் மே மாதம் வரும். அலுவலக வாயிலில் வரிசை நிற்கும். அவ்வரிசையில் நரை கலந்த தலை ஒன்றும், பல தாள்கள் திணித்த பை ஒன்றும் காணப்படுமாயின், முன்னும் பின்னும் நிற்கும் இளைஞரே, அவரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். நிரப்ப வேண்டிய கட்டம் எதுவென்று அவர்க்கு விளங்காதிருந்தால் எடுத்துக் காட்டுங்கள். யான் செய்யத் தவறியது அவ்வளவே.